எவர்ஸ் கையில் இருந்தது எந்தப் பந்து?

பழையஸ்கோர்கார்டு:
"மெர்க்கலின் முட்டாள்தனத்தால் 1908-ல் நியூயார்க் ஜெயன்ட்ஸ் பேஸ்பால் அணி லீக் பட்டத்தைக் கோட்டைவிட்டது" என்று இங்கே ஒருத்தர் எழுதியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. செப்டம்பர் 23, போலோ கிரவுண்ட்ஸ், சிகாகோ கப்ஸோடு 1-1. கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ், ஜெயன்ட்ஸ் பேட்டிங், இரண்டு பேர் அவுட். மூன்றாம் பேஸில் மெக்கார்மிக், முதல் பேஸில் 19 வயசு மெர்க்கல். பிரிட்வெல் அடிக்க, மெக்கார்மிக் ஹோம் பேஸுக்கு ஓடி வந்துவிட்டார். ஜெயன்ட்ஸ் ஜெயித்துவிட்டது என்று கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. மெர்க்கல் இரண்டாம் பேஸுக்குப் போகாமல் திரும்பிவிட்டான். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். கப்ஸின் எவர்ஸ் ஏதோ ஒரு பந்தோடு அந்த பேஸை மிதித்து அவுட் கேட்டார். அது ஆட்டப் பந்தே இல்லை என்று சொல்கிறார்கள். ஆட்டப் பந்தை ஜெயன்ட்ஸின் மெக்கினிட்டி பிடுங்கிக் கூட்டத்துக்குள் எறிந்துவிட்டாராம்.

விதியேகதி:
எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். முதல் பேஸ்ல இருந்தவர் இரண்டாம் பேஸைத் தொடறதுக்குள்ள எதிரணி பந்தோட அதை மிதிச்சா அவுட். அது மூணாவது அவுட், அதனால ரன் செல்லாது. இதுல எரிச்சல்பட என்ன இருக்கு?

பழையஸ்கோர்கார்டு:
நான் கேட்டது அதுவல்ல. எவர்ஸ் கையில் இருந்தது எந்தப் பந்து?

விதியேகதி:
அம்பயர் ஹாங்க் ஓடே அவுட் கொடுத்தாரு. அம்பயரைவிட உங்களுக்கு நல்லா தெரியுமோ?

பழையஸ்கோர்கார்டு:
அதே ஓடே செப்டம்பர் 4-ல் பிட்ஸ்பர்க்கில் என்ன செய்தார்? அங்கேயும் எவர்ஸ் இதே முறையீட்டை வைத்தார். பிட்ஸ்பர்க் வீரர் வாரன் கில் இரண்டாம் பேஸைத் தொடவில்லை. "நான் பார்க்கவில்லை" என்று ஓடே தள்ளிவிட்டார். மூன்று வாரம் கழித்து நியூயார்க்கில் மட்டும் கண் திறந்துவிட்டதா?

கப்ஸ்வெறியன்:
அண்ணே, அதுக்கப்புறம் ஓடே உஷாராயிட்டாருன்னு சொல்லுங்க. எங்க எவர்ஸ் விதிப் புத்தகத்தைக் கரைச்சுக் குடிச்சவர். மூளையால ஜெயிச்சா உங்களுக்கு ஏன் வயிறு எரியுது?

பழையஸ்கோர்கார்டு:
மூளை இருந்தது சரி, பந்து இருந்ததா? இன்னொரு அம்பயர் எம்ஸ்லி, அடித்த பந்துக்குத் தப்பப் போய் கீழே விழுந்தார். மெர்க்கல் தொட்டதையும் பார்க்கவில்லை, தொடாததையும் பார்க்கவில்லை. அன்று களத்தில் இருந்தவர்களே பந்தைப் பற்றி ஆளுக்கொரு கதை சொன்னார்கள். இதை வைத்து ஒரு பையனை ஆயுள் முழுக்க முட்டாள் என்று கூப்பிடலாமா?

விதியேகதி:
நீங்க எப்பவும் இப்படித்தான் ஒரே கேள்வியைப் பிடிச்சுத் தொங்குறீங்க. அந்த ஆட்டம் சமன்னு ஆச்சு, சீசன் முடிவுல ரெண்டு அணியும் சமமா நின்னதால அதைத் திரும்ப ஆடினாங்க. அக்டோபர் 8 மறு ஆட்டத்துல ஜெயிச்சிருக்க வேண்டியதுதானே? ஜெயன்ட்ஸோட நட்சத்திரப் பந்துவீச்சாளர் மேத்யூசன் பந்து போட்டும் 4-2 தோல்வி. அதுக்கும் மெர்க்கல்தான் காரணமா?

பழையஸ்கோர்கார்டு:
நீங்களே சொல்லிவிட்டீர்கள்! அப்புறம் "மெர்க்கலால்" என்று ஏன் எழுதினீர்கள்? அந்தக் கடைசி வாரத்தில் பிலடெல்பியா பந்துவீச்சாளர் கோவெலெஸ்கி ஒருவரே ஜெயன்ட்ஸை மூன்று தடவை தோற்கடித்தார். அதில் ஒன்றை ஜெயித்திருந்தாலே மறு ஆட்டத்தில் தோற்றும் கப்ஸோடு சமமாக நின்றிருப்பார்கள். கப்ஸ் 99 வெற்றி, ஜெயன்ட்ஸ் 98. ஜெயன்ட்ஸ் மேனேஜர் மெக்ராவே அந்தப் பையனைக் கைவிடவில்லை, சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்தார். உங்களுக்கு என்ன வந்தது?

கப்ஸ்வெறியன்:
மெக்ரா பேச்சை இங்க எடுக்காதீங்க. அம்பயரை மிரட்டியே பொழப்பு நடத்தின ஆளு. அந்த வருஷ வேர்ல்ட் சீரிஸ் கோப்பையும் எங்களுக்குத்தான்.

பழையஸ்கோர்கார்டு:
அதோடு அடுத்த கோப்பை 2016-ல் தான். மெர்க்கலின் சாபம்!

கப்ஸ்வெறியன்:
காத்திருந்த வலி எங்களுக்குத்தான் தெரியும். அதைக் கிண்டல் பண்றவங்களோட எனக்குப் பேச்சில்லை.

விதியேகதி:
பேச்சை மாத்தாதீங்க. மெர்க்கல் பேஸைத் தொட்டாரா, இல்லையா?

பழையஸ்கோர்கார்டு:
முதலில் பந்துக்குப் பதில் சொல்லுங்கள்.