ஒரே வாரத்தில் வேறு ஆளாகிப்போன குழந்தை: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

திருச்சி அம்மா எழுதியது:

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. தலைவலி, லேசான காய்ச்சல், பிறகு தூக்கமே இல்லை, ஒரு வலிப்பு. என்.எம்.டி.ஏ. மூளையழற்சி. உடலின் எதிர்ப்பொருள்களே மூளையைத் தாக்கும் நோய்.

என்னை விட்டுப் போகாதது அந்த வாய். உதட்டை ஓயாமல் மெல்லுவாள். நாக்கு வெளியே வந்து வந்து போகும். வலது கை காற்றில் நூல் சுற்றிக்கொண்டே இருக்கும். “தண்ணீர் வேண்டுமா கண்ணு?” என்றால், “தண்ணீர் வேண்டுமா கண்ணு” என்று அப்படியே திருப்பிச் சொல்லுவாள். நாக்கைப் பார்த்த என் நாத்தனார், நாகாத்தம்மன் இறங்கியிருக்கிறாள் என்று கற்பூரம் ஏற்றினார். முதலில் போன மருத்துவமனையில், பள்ளிக்குப் பயந்து நடிக்கிறாள் என்று சொல்லி மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதினார்கள்.

அடுத்த மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்த பயிற்சி மருத்துவர் ஒருவர், சின்னப் பெண், கட்டிலருகே நின்று அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். “தூங்கும்போதும் இப்படி அசைகிறதா அம்மா?” என்றார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. மறுநாள் முதுகில் நீர் எடுத்தார்கள். ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் (மற்றவர்கள் கொடுத்த ரத்தத்திலிருந்து எடுக்கும் எதிர்ப்பொருள் மருந்து), அதற்கும் அசையாததால் எதிர்ப்பாற்றலை அடக்கும் ரிட்டுக்சிமாப். இன்று ஏழாம் வகுப்பு படிக்கிறாள், வாய் ஓயாமல் பேசுகிறாள். அந்த மருத்துவர் பயிற்சி முடிந்து எந்த ஊருக்குப் போனார் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. இவள் பேசி அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை.

ரொறன்ரோ அப்பா எழுதியது:

எங்களுடையது பாண்டாஸ். ஸ்ட்ரெப் என்ற தொண்டைக் கிருமி வந்தபின் பிள்ளையின் மனமும் நடத்தையும் திடீரென்று மாறுவதை அப்படிச் சொல்கிறார்கள். மகனுக்கு ஏழு வயது. தொண்டை நோவு வந்து மாறிய கொஞ்ச நாளில், சோறு விழுங்கினால் தொண்டை அடைத்துச் செத்துப்போவேன் என்று அழத் தொடங்கினான். கை கழுவிக் கழுவித் தோல் வெடித்தது.

அவனுடைய கணக்குக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. இடப்பக்கம் வெள்ளிக்கிழமை எழுதியது, குண்டு குண்டான எண்கள். வலப்பக்கம் திங்கட்கிழமை எழுதியது, ஒவ்வொரு எண்ணும் நடுங்கிக் கோட்டைத் தாண்டி ஓடுகிறது. ஓர் எட்டைத் திரும்பத் திரும்ப அழித்ததில் தாளே கிழிந்திருக்கிறது. தொண்டையில் ஸ்ட்ரெப் கிருமி இருந்தது, மருந்து கொடுத்தார்கள், மெல்ல மெல்லத் தணிந்தது. ஒரு மருத்துவர் பாண்டாஸ் என்றார், இன்னொருவர் அப்படி ஒரு நோயே இல்லை என்றார். பிள்ளை திடீரென்று மாறினால் இம்யூனோகுளோபுலின் ஏற்றச் சொல்லிக் கேளுங்கள், காத்திருக்க வேண்டாம்.

கோவை செவிலியர் எழுதியது:

ரொறன்ரோ சகோதரருக்கு: உங்கள் பிள்ளை தேறியதில் மகிழ்ச்சி. ஆனால் உங்கள் கடைசி வரியை ஏற்க மாட்டேன். அமெரிக்க மருத்துவர் சூசன் ஸ்வீடோவின் குழு 1998-இல் 50 குழந்தைகளை வைத்துப் பாண்டாஸை விவரித்தது. பிறகு 2016-இல் வெளியான சோதனையில் 35 குழந்தைகளில் சிலருக்கு இம்யூனோகுளோபுலினும் மற்றவர்களுக்கு வெறும் திரவமும் ஏற்றிப் பார்த்தார்கள். இரு பக்கத்துக்கும் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. திருச்சி அக்கா மகளின் நோய் வேறு. அதில் எதிர்ப்பொருளையே முதுகு நீரில் காணலாம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

என் தங்கை மகளுக்கு வந்தது சிடென்ஹாம் கொரியா, ஸ்ட்ரெப் கிருமி வந்து போனபின் கை கால் தானாக ஆடும் நோய். டம்ளர் டம்ளராகக் கீழே போட்டாள், திமிர் என்று பள்ளியில் வெளியே நிறுத்தினார்கள். என் இரண்டு விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். பால் கறப்பதுபோல் பிடி இறுகி இறுகித் தளர்ந்தது. எக்கோவில் இருதய வால்வில் கசிவு. மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, இன்னும் பல வருடம் போட வேண்டும்.

எல்லோருக்கும் சொல்கிறேன். மாற்றம் தொடங்கிய தேதியைக் குறித்து வையுங்கள். கைப்பேசியில் படம் எடுங்கள், மருத்துவர் முன்னால் குழந்தை பல நேரம் அடங்கிவிடும். ரத்தத்தில் ஸ்ட்ரெப் எதிர்ப்பொருளைக் காட்டும் ஏ.எஸ்.ஓ. அளவு கூடியிருந்தால் ஸ்ட்ரெப் கிருமி எப்போதோ வந்து போனது என்றுதான் பொருள். அது மட்டும் பாண்டாஸுக்குச் சான்றாகாது. என்.எம்.டி.ஏ. சந்தேகம் என்றால் ரத்தத்தில் இல்லை என்று வந்தாலும் விடாதீர்கள், முதுகு நீரில் தெரியும். மனநோய் மாத்திரை கொடுத்த பின் உடல் விறைத்தாலோ காய்ச்சல் ஏறினாலோ உடனே சொல்லுங்கள். பெண் குழந்தை என்றால் சூலகத்தில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்கக் கேளுங்கள். 2007-இல் நரம்பியல் மருத்துவர் டால்மாவின் குழு இந்த நோயை அடையாளம் கண்டதே பெரும்பாலும் அப்படிக் கட்டி இருந்த பெண்களிடம்தான். பயந்துபோனவர்களுக்கு ஒன்று: 2013-இல் வந்த 577 பேரைப் பற்றிய ஆய்வில், இரண்டு ஆண்டு தொடர்ந்து பார்த்தவர்களில் ஏறக்குறைய பத்தில் எட்டுப் பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள்.

ரொறன்ரோ அப்பா எழுதியது:

அக்கா, ஆய்வை நானும் வாசித்தேன். 35 பிள்ளைகளை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. உங்கள் கையில் இருப்பது சோதனை முடிவு, என் கையில் இருப்பது அந்தக் கொப்பி. ஆனாலும் எல்லோருக்கும் ஏற்றச் சொன்னதை மீட்டுக்கொள்கிறேன். முதலில் தொண்டையைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள், மனப்பயிற்சிச் சிகிச்சையையும் விடாதீர்கள். அவனைச் சோற்றுக்குத் திருப்பிக் கொண்டுவந்ததில் அதற்கும் பாதிப் பங்கு உண்டு.

திருச்சி அம்மா எழுதியது:

ஸ்கேன் எடுத்தோம், கட்டி இல்லை. கோபம் மட்டும் சட்டென்று வருகிறது, கணக்கில் கவனம் நிற்கவில்லை. பள்ளியில் தேர்வுக்குக் கூடுதல் நேரம் வாங்கியவர்கள் யாராவது இருந்தால், விண்ணப்பத்தோடு எந்தச் சான்றிதழ் வைத்தீர்கள் என்று எழுதுங்கள். அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது.