சட்டமன்ற மசோதாக்களைப் படிக்க மலையாளம் தெரிந்தவர்கள் உதவ முடியுமா?

எல்லாருக்கும் வணக்கம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். கேரள சட்டமன்றத்துக்கு வரும் மசோதாக்களில் ஆட்சிமொழி, பள்ளிக்கூடம், தோட்டத் தொழிலாளர் என்று இங்குள்ள தமிழர்களைத் தொடுபவற்றை ஆரம்பத்திலிருந்தே கவனிக்க நாங்கள் நாலு பேர் இறங்கியிருக்கிறோம்.

இதுவரை மசோதா நிறைவேறிய பிறகு பத்திரிகையில் பார்த்துத்தான் எங்களுக்கு விஷயமே தெரியும். அப்போது பேசி என்ன பயன்? அறிமுகமான மசோதா பொதுவாக சப்ஜெக்ட் கமிட்டிக்கு, அதாவது அந்தத் துறை மசோதாக்களை ஆராயும் எம்.எல்.ஏ.க்கள் குழுவுக்குப் போகும். அது திரும்பி வந்த பிறகுதான் ஒவ்வொரு பிரிவாக விவாதமும் திருத்தமும். அந்த இடைவெளிக்குள் நம் கருத்து எம்.எல்.ஏ. கைக்குப் போக வேண்டும். சில சமயம் சில நாள்தான் கிடைக்கிறது.

சிக்கல் மொழியில்தான். பேச்சு மலையாளம் எங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு, சட்ட மலையாளம் அப்படி இல்லை. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுத 1969 ஆட்சிமொழிச் சட்டம் வழிசெய்கிறது. இதுபோன்ற பிரிவில் 'வேண்டும்' என்பது 'லாம்' என்று மாறினால் உரிமையே ஆட்டம் காணும். அதைத் தவறவிட எனக்கு மனமில்லை.

சட்ட மலையாளம் படித்துத் தமிழில் சொல்லக்கூடியவர்கள், வாரம் இரண்டு மணி நேரம் போதும், முன்வாருங்கள். அப்புறம், திருத்தம் கோரி மனு எழுதிய அனுபவம் யாருக்காவது இருந்தால் ஒரு மாதிரி அனுப்புங்கள். ஒரு மசோதாவில் பாதி நல்லது, பாதி கெட்டது என்றால் ஆதரிப்பதா எதிர்ப்பதா? எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை. மூணாறு, பீர்மேடு பக்கத்து நண்பர்கள் இதற்கு அவசியம் பதில் எழுதுங்கள்.