பியர் காய்ச்சும்போது வோர்ட்டைக் குளிர்விக்கச் செம்புச் சுருளா, தட்டுப் பரிமாற்றியா?

சிங்கப்பூரிலிருந்து:

இங்கே 2004ஆம் ஆண்டு முதல், சொந்தப் பயன்பாட்டுக்காக மாதம் 30 லிட்டர் வரை வீட்டிலேயே பியர் காய்ச்சிக்கொள்ளலாம். எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறையில் நான் ஒரு தடவைக்கு 20 லிட்டர் காய்ச்சி வருகிறேன். முளைகட்டிய தானியமான மால்ட்டை ஊறவைப்பதிலும், கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களைச் சேர்ப்பதிலும் எனக்குப் பெரிய சிக்கல் வந்ததில்லை; ஒரு மணி நேரம் கொதித்த வோர்ட்டை (இன்னும் நொதிக்காத மால்ட் சாறு) ஈஸ்ட் தாங்கும் சூட்டுக்கு இறக்குவதில்தான் இரண்டு ஆண்டுகள் தடுமாறினேன். சூடு தணியத் தாமதமானால் ஹாப்ஸின் கசப்பு ஏறிக்கொண்டே போகும். வெந்த சோளத்தின் வாடையைத் தரும் டைமெத்தில் சல்பைடும் வோர்ட்டில் தேங்கும். வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரமெல்லாம் பாக்டீரியாவுக்கு விருந்துதான்.

முதலில் வாங்கியது 30 தட்டுகள் கொண்ட வெப்பப் பரிமாற்றி: தட்டுகளின் ஒரு பக்கம் வோர்ட்டும் மறுபக்கம் தண்ணீரும் ஓடும். உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சிறு பெட்டியின் கச்சிதம் என்னை மயக்கிவிட்டது. மூன்றாம் தடவையே ஹாப்ஸ் தூள் தட்டுகளுக்கு இடையில் அடைத்துக்கொண்டு, வோர்ட் சொட்டுச் சொட்டாக இறங்கியது. வெந்நீரைப் பின்பக்கமாகச் செலுத்திக் கழுவியபோது, தெளிந்துவிட்டது என்று நினைத்த பிறகும் பழுப்பு நீர் வந்துகொண்டே இருந்தது. அடுத்த தடவை காய்ச்சிய பியர் புளித்துப்போனது. பழி முழுவதும் தட்டுகளுடையதுதான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் உள்ளே எட்டிப் பார்க்க முடியாத ஒரு கருவியின் மீது சந்தேகம் விழுந்தபின் அதை நம்பி வேலை செய்வது கடினம்.

அதைவிடப் பெரிய தவறு, வாங்குவதற்கு முன் குழாய்த் தண்ணீரின் வெப்பநிலையை அளக்காமல் விட்டது. எங்கள் வீட்டில் அது 29 டிகிரி. எவ்வளவு விலை உயர்ந்த பரிமாற்றியாக இருந்தாலும், தனக்குள் ஓடும் நீரைவிடக் குளிர்ச்சியாக வோர்ட்டை ஆக்க முடியாது. எனக்கு வேண்டியதோ 20 டிகிரி.

இப்போது 10 மீட்டர் நீளமுள்ள செம்புச் சுருளைப் பயன்படுத்துகிறேன். கொதி முடிவதற்குப் 15 நிமிடங்களுக்கு முன் அதைப் பானைக்குள் இறக்கிவிட்டால், அந்தக் கொதியிலேயே கிருமி நீங்கிவிடும். சுருளுக்குள் குழாய்த் தண்ணீரைச் செலுத்தி 40 டிகிரி வரை இறக்கியபின், வாளித் தண்ணீரில் ஐஸ் போட்டு, மீன்தொட்டி மோட்டாரால் அந்த நீரையே சுருள் வழியாகச் சுற்றவிடுகிறேன். 20 லிட்டரை 40இலிருந்து 20 டிகிரிக்குக் கொண்டுவர, கணக்குப்படி ஏறத்தாழ 5 கிலோ ஐஸ் உருக வேண்டும். நான் 7 கிலோ வாங்கி வைப்பேன். கிருமி நீக்கிய கரண்டியால் வோர்ட்டைக் கலக்கிக்கொண்டே இருப்பது முக்கியம், இல்லையென்றால் சுருளை ஒட்டிய பகுதி மட்டும் குளிர்ந்து நடுவில் சூடு அப்படியே நிற்கும். முதலில் வெளியேறும் சுடுநீர் பாத்திரம் கழுவ உதவுகிறது.

மெல்பர்னிலிருந்து:

நான் எந்தப் பரிமாற்றியும் வைத்துக்கொள்ளவில்லை. வறட்சிக் காலத்துத் தண்ணீர்க் கட்டுப்பாடுகளைப் பார்த்த ஊர் இது. இங்கே பலர் கொதிக்கும் வோர்ட்டை, சூடு தாங்கும் தடித்த பிளாஸ்டிக் கேனில் காற்று நீக்கி நிரப்பி, இறுக மூடி, மறுநாள் ஈஸ்ட் சேர்க்கிறார்கள். கேனையும் அந்தச் சூடே சுத்தப்படுத்திவிடும். கசப்பு கூடுவது உண்மைதான். அதனால் கடைசி 15 நிமிடங்களில் போட வேண்டிய ஹாப்ஸை, அடுப்பை அணைத்த பிறகே போடுகிறேன்.

டொராண்டோவிலிருந்து:

எனக்கு எதிரோட்டக் குழாய்தான் ஒத்துவந்தது: உள்ளே செம்புக் குழாயில் வோர்ட், அதைச் சுற்றிய ரப்பர் குழாயில் எதிர்த்திசையில் தண்ணீர். சனவரியில் குழாய்த் தண்ணீரே ஐஸ்போல வருவதால், ஒரே ஓட்டத்தில் வோர்ட் ஈஸ்ட்டுக்குத் தயாராகிவிடுகிறது. சில நாட்களில் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடாமல் நீரைக் குறைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் நான் கார் ஷெட்டில் காய்ச்சுகிறேன். அங்கே குழாயில் தங்கும் நீர் இரவிலேயே உறைந்து அதை வெடிக்கச் செய்துவிடும் என்பதை ஒரு குழாயை இழந்துதான் கற்றேன். இப்போதெல்லாம் இரு பக்கமும் ஊதிக் காலி செய்து, வீட்டுக்குள் எடுத்து வந்த பிறகே உட்காருகிறேன்.