4 காபன், 8 ஐதரசன்: சமபகுதியம் எத்தனை?

கோண்டாவில் பெடியன்:
அண்ணாமார், அக்காமார், சேதன இரசாயனத்தில் சமபகுதியம் (ஒரே மூலக்கூற்றுச் சூத்திரம், வேறு வேறு அமைப்பு) வந்தாலே எனக்குத் தலை சுற்றுகிறது. ரியூசனில் 4 காபனும் 8 ஐதரசனும் உள்ள சூத்திரத்துக்கு எத்தனை சமபகுதியம் என்று கேட்டார்கள். நான் 4 என்றேன், பக்கத்தில் இருந்தவன் 5 என்றான், சேர் 6 என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். எப்படி 6?

திருநெல்வேலி அக்கா:
தம்பி, நீர் பியூற்-1-ஈன், 2-மெதைல்புரொப்பீன், பிறகு பியூற்-2-ஈனின் சிஸ் (இரண்டு மெதைலும் இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கம்), திரான்ஸ் (எதிரெதிர்ப் பக்கம்) இரண்டும் எழுதியிருப்பீர். வளையத்தை மறந்துவிட்டீர். சைக்கிளோபியூற்றேன், மெதைல்சைக்கிளோபுரொப்பேன் இரண்டுக்கும் இதே சூத்திரம்தான், ஆக 6. உம்முடைய சிநேகிதன் வளையங்களைப் பிடித்துவிட்டு சிஸ், திரான்ஸை ஒன்றாக எண்ணியிருப்பார், கட்டமைப்புச் சமபகுதியம் மட்டும் கேட்டிருந்தால் அவருடைய 5 சரி. எந்த அணு எதோடு பிணைந்திருக்கிறது என்பதே மாறினால் கட்டமைப்பு. அது மாறாமல் அணுக்கள் முப்பரிமாண வெளியில் நிற்கும் விதம் மட்டும் மாறினால் திண்மச் சமபகுதியம்.

பலகையில் ஒரு ஆணி அடித்தால் சுழலும், இரண்டு அடித்தால் அசையாது, இரட்டைப் பிணைப்பும் அப்படித்தான், அதனால்தான் சிஸ்ஸும் திரான்ஸும் வேறு வேறு. ஆனால் பியூற்-1-ஈனுக்கு சிஸ், திரான்ஸ் எழுதிவிடாதேயும்! நுனிக் காபனில் இரண்டுமே ஐதரசன், இடம் மாற்றினாலும் அதே மூலக்கூறுதான். (நானும் ஒருமுறை எழுதிப் புள்ளியை விட்டவள்.)

காரைநகரான்:
ஒளியியல் சமபகுதியத்துக்குச் சங்கை நினைத்துக்கொள்ளும். இடம்புரியைக் கண்ணாடியில் பார்த்தால் வலம்புரி, எப்படித் திருப்பி வைத்தாலும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாது. பியூற்றன்-2-ஓலில் இரண்டாவது காபனைப் பாரும்: ஐதரசன், ஐதரொட்சில், மெதைல், எதைல் என்று நாலும் நாலு விதம், அதனால் அதற்கும் இப்படி ஒரு சோடி உண்டு.

அக்காவின் கணக்கில் உள்ள 6-இல் ஒன்றிலும் அப்படிப்பட்ட காபன் இல்லை, அதனால் எண்ணிக்கை அங்கேயே நிற்கும்.

பழைய மாணவன்:
ஒன்றைச் சேர்க்கிறேன், சங்குச் சோடிக்குக் கொதிநிலை ஒன்றேதான், தளமுனைவாக்கிய ஒளியை (ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளி) எதிரெதிர்ப் பக்கம் ஒரே அளவு திருப்புவதுதான் வித்தியாசம். சிஸ், திரான்ஸ் அப்படியில்லை, பியூற்-2-ஈனில் சிஸ் 3.7 பாகை செல்சியஸிலும் திரான்ஸ் 0.9 பாகை செல்சியஸிலும் கொதிக்கும், சிஸ்ஸுக்குச் சிறிய இருமுனைவுத் திருப்பம் (ஏற்றம் ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்திருப்பது) இருப்பதால்.

கோண்டாவில் பெடியன்:
நன்றி அக்கா, வளையம்தான் பிழைத்தது. அப்ப பென்ற்-2-ஈனுக்கும் சிஸ், திரான்ஸ் வரும், பென்ற்-1-ஈனுக்கு வராது, சரியா?

திருநெல்வேலி அக்கா:
சரி. இனி 5 காபன், 10 ஐதரசனுக்கு வளையத்தோடு எழுதிக்கொண்டு வாரும். அதில் ஒரு சங்குச் சோடியும் இருக்கிறது, தேடும்.