ரிவைவல், ரினைசன்ஸ், ரிசரக்‌ஷன்: எல்லாம் ஒன்றுதானா?

தோட்டத்துப் பையன், சுங்கை சிப்புட்:
எங்கள் தோட்டத்துச் சபையில் ரிவைவல் கூட்டம் என்று பேனர், டவுனில் பழைய பாட்டுக் கச்சேரிக்கும் ரிவைவல் நைட் என்று போஸ்டர். ஒரே சொல் எப்படி இரண்டுக்கும்? ரினைசன்ஸும் இதுதானா?

பழைய வாத்தியார்:
மேடைதான் முதலில், தம்பி. லத்தீனில் 'விவெரெ' என்றால் வாழ்வது, 'ரெ' மறுபடி. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் பழைய நாடகத்தைத் திரும்பப் போடுவதைத்தான் ரிவைவல் என்றார்கள். சபை எழுப்புதல், அதாவது மக்களிடம் பக்தி மறுபடி பற்றிக்கொள்வது என்ற பொருள், 1702இல் அமெரிக்கப் போதகர் காட்டன் மாத்தர் எழுத்தில் வருகிறது, அப்புறம் 1730, 40களில் அமெரிக்காவில் எழுப்புதல் அலை அடித்ததும் அது கெட்டியாக ஒட்டிக்கொண்டது. ஆக, போஸ்டர்காரர்தான் மூத்த பொருளைப் பிடித்திருக்கிறார்!

பால்மரம்:
ரினைசன்ஸ் பிரெஞ்சு, மறுபிறப்பு. ஆங்கிலத்துக்கு வந்ததே 19ஆம் நூற்றாண்டில்தான். 1855இல் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மிஷலே தன் பிரான்ஸ் வரலாற்றில் ஒரு தொகுதிக்கு அந்தப் பெயரை வைத்தார், அதன்பின் ஐரோப்பாவில் கலையும் கல்வியும் மறுமலர்ந்த காலகட்டத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது.

தோட்டத்துப் பையன்:
சரி சார், ரிசரக்‌ஷன்?

பழைய வாத்தியார்:
முதலில் இயேசுவின் உயிர்த்தெழுதல். 18ஆம் நூற்றாண்டுக் கடைசியில் லண்டனில் கல்லறையைத் தோண்டிப் பிணத்தை மருத்துவப் பள்ளிகளுக்கு விற்றவனையும் ரிசரக்‌ஷன் மேன் என்றார்கள். ஆங்கிலேயருக்கு நக்கல் அதிகம்.