டிஸ்பெர்ஷனுக்கு 'வேகப்பிரிகை'

ஐயா, வணக்கம்.

ஒளியின் வேகம் அலைநீளத்துக்கு அலைநீளம் மாறுவதைக் குறிக்கும் டிஸ்பெர்ஷனுக்கு (dispersion) தமிழ்ச் சொல்லாக நீங்கள் முன்மொழிந்த 'சிதறல்' எனக்கு ஒப்பவில்லை. ஒளி பொருளில் பட்டுப் பல திசைகளில் தெறிப்பதற்கு இராமன் சிதறல், ரேலே சிதறல் என்று அந்தச் சொல்லுக்கு எப்போதோ பட்டா எழுதியாகிவிட்டது. கண்ணாடி இழையில் ஒளி மங்குவதற்கு ரேலே சிதறல் முக்கியக் காரணம்; ஒளித்துடிப்பு (கணநேர ஒளிக்கீற்று) அகன்று போவதற்குக் காரணம் டிஸ்பெர்ஷன். இரண்டும் ஒரே இழையில் சேர்ந்தே நடக்கின்றன. இரண்டையும் 'சிதறல்' என்றால் அடுத்த பத்தியிலேயே மாட்டிக்கொள்வோம்.

பாடநூலின் 'நிறப்பிரிகை' முப்பட்டகத்துக்கு அருமையான சொல். ஆனால் தொலைத்தொடர்பு இழையில் ஓடுவது 1550 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி. கண்ணுக்கே தெரியாததற்கு நிறம் ஏது? அங்கே ஒளி திசையால் பிரிவதில்லை, வந்து சேரும் நேரத்தால் பிரிகிறது. வழக்கமான ஒற்றைப்பாங்கு இழையில் (ஒளி ஒரே பாங்கில் மட்டும் செல்லும் மெல்லிய இழை), ஒரு நானோமீட்டர் அலைநீள அகலமுள்ள துடிப்பு கிலோமீட்டருக்குச் சுமார் 17 பிக்கோநொடி விரிகிறது. 100 கிலோமீட்டரில் அது 1,700 ஆகிவிடும். நொடிக்கு 10 கிகாபிட் அனுப்பும்போது ஒரு பிட்டுக்குக் கிடைப்பதே 100 பிக்கோநொடிதான்.

எனவே என் பரிந்துரை 'வேகப்பிரிகை'. வேதியியலில் 'பிரிகை மாறிலி' இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும், மூலக்கூறு உடைவதை யாரும் வேகப்பிரிகை என்று எழுதப்போவதில்லை.

தாமதப் பின்னூட்டமுள்ள நேரியலற்ற அமைப்புகளில்தான், அதாவது வெளியீடு சற்று நேரம் கழித்து உள்ளே திரும்பி வர, விளைவு காரணத்துக்கு நேர்விகிதமாக இராத அமைப்புகளில்தான், இந்தச் சொல் உண்மையில் பயன்படும். வளைய ஒளிக்குழிவை (ஒளி திரும்பத் திரும்பச் சுற்றும் மூடிய பாதை) சுற்றிவரும் ஒளி, தாமதமாகத் தன்னையே பாதித்து ஒழுங்கின்மைக்கு (chaos) போகலாம் என்று ஜப்பானிய இயற்பியலாளர் இகேடா 1979-இல் காட்டினார். 20 மீட்டர் இழை வளையமானால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 100 நானோநொடி. சமன்பாட்டில் அது ஒரே ஓர் எண். வேகப்பிரிகையைச் சேர்த்ததும் அந்த எண் போதாமல் போகிறது: அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் தாமதம் மாறும். கடந்த காலத்தின் ஒவ்வொரு கணத்துக்கும் ஓர் எடை கொடுத்துக் கூட்டும் தொகையீடு ஒன்றைப் போட வேண்டியிருக்கிறது. பெர்லின் ஆய்வாளர்கள் 2017-இல் எடுத்த வழி இதுதான். இதைப் 'பரவிய தாமதம்' என்று சொல்லலாம். தாமதத்துக்குச் 'சுணக்கம்' வேண்டாம். ஒளி எங்கும் சுணங்கி நிற்கவில்லை, சுற்றிவர நேரமாகிறது, அவ்வளவுதான்.

இனி வேகப்பிரிகையின் கூட்டல், கழித்தல் குறி. சாதாரண இழையில் சுமார் 1.3 மைக்ரோமீட்டரில் வேகப்பிரிகை சுழியாகிறது. அதற்குக் குறைந்த அலைநீளங்களில் நெட்டலை முந்தும், கூடிய அலைநீளங்களில் குற்றலை முந்தும். இந்த இரண்டாம் பக்கத்தில்தான் கெர் விளைவு (ஒளியின் செறிவுக்கேற்ப இழையின் ஒளிவிலகல் எண் மாறுவது) துடிப்பின் விரிவை ஈடுகட்டி, கலையாத தனியலையை உருவாக்குகிறது. சீரான ஒளியலை தானே துடிப்புகளாக உடைவதும் பெரும்பாலும் அங்கேதான். ஆகவே குறியைச் சொல்லிலேயே காட்டியாக வேண்டும். முதலாவதற்கு 'இயல்பு வேகப்பிரிகை' என்பதில் சிக்கலில்லை. இரண்டாவதற்குப் 'பிறழ்' என்றால் வில்லையின் நிறப்பிறழ்ச்சி (நிறங்கள் ஒரே புள்ளியில் குவியாத குறை) நினைவுக்கு வரும். 'முரண் வேகப்பிரிகை' என்றே வைத்துக்கொள்வோமா?