உபுண்டு விஎம் ஆமை மாதிரி நகருது, யாராச்சும் ஹெல்ப் பண்ணுங்க

மக்களே வணக்கம். என்கிட்ட இருக்கறது 8 ஜிபி ரேம் லேப்டாப், விண்டோஸ் 11. அப்பாவோட கடை கணக்கு, பில்லு எல்லாம் அதுலதான் ஓடுது, அதனால டூயல் பூட்னு (ஒரே லேப்டாப்ல ரெண்டு ஓஎஸ்) டிஸ்க் பார்ட்டிஷன்ல கை வைக்க பயம். சரின்னு விண்டோஸுக்குள்ளயே விர்ச்சுவல் மெஷின் (விஎம், அதாவது சாஃப்ட்வேர்லயே இன்னொரு கம்ப்யூட்டர்) ஓட்டற விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதுல உபுண்டு 24.04 லினக்ஸ் ஏத்தினேன், அதுக்குக் குடுத்தது 4 ஜிபி ரேம், 2 கோர், 25 ஜிபி டிஸ்க். பயாஸ்ல விடி-எக்ஸ் (விஎம் ஓட்ட பிராசசர் தர்ற விர்ச்சுவலைசேஷன் வசதி) ஆன்லதான் இருக்கு.

பிரச்சனை என்னன்னா டெர்மினல் திறக்கறதுக்குள்ள ஒரு டீ போட்டு குடிச்சிட்டே வந்துடலாம். கீழ ஸ்டேட்டஸ் பார்ல பச்சை கலர்ல ஒரு ஆமை ஐகான் வேற, மொதல்ல நம்மள கலாய்க்கிறானுங்கன்னு நெனச்சேன், அப்புறம் தேடிப் பாத்தா விண்டோஸோட சொந்த விஎம் வசதியான ஹைப்பர்-வி முன்னாடியே பிராசசரோட விர்ச்சுவலைசேஷன புடிச்சு வெச்சிருந்தா விர்ச்சுவல்பாக்ஸ் அது வழியாதான் ஓடணுமாம், அதுக்குத்தான் அந்த ஆமையாம். விண்டோஸ் ஃபீச்சர்ஸ்ல போய் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் ரெண்டு டிக்கையும் எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணேன், ஆமை அசையல.

மிச்சம் இருக்கறது விண்டோஸ் செக்யூரிட்டில கோர் ஐசொலேஷனுக்குள்ள இருக்கற மெமரி இன்டெக்ரிட்டி, அதுவும் ஹைப்பர்-வி வழியாதான் ஓடுதாம். அத ஆஃப் பண்ணா கர்னலுக்கு (விண்டோஸோட மையப் பகுதி) இருக்கற ஒரு பாதுகாப்பு போயிடும், பேங்க் வேலையும் இதே லேப்டாப்லதான் பண்றேன், அதான் யோசனையா இருக்கு. அத ஆஃப் பண்ணி யாருக்காவது ஆமை போயிருக்கா? இல்ல எனக்கு வேண்டியது வெறும் கமாண்ட் லைன், பைத்தான்தான், பேசாம விர்ச்சுவல்பாக்ஸ் விஎம்ம தூக்கிட்டு, விண்டோஸ்லயே லினக்ஸ் ஓட்டற மைக்ரோசாஃப்ட்டோட டபிள்யூஎஸ்எல் 2க்கே போயிடவா? இல்ல விஎம்லயே லுபுண்டு மாதிரி லேசான உபுண்டு வகை போட்டா 8 ஜிபில தாக்குப்பிடிக்குமா? புது ரேம் வாங்குன்னு மட்டும் சொல்லாதீங்க, இந்த மாசம் பட்ஜெட் காலி.